கடற்கோளும் அரசின் கடப்பாடும்

இயற்கையால் விளையும் கேட்டுக்கு ஆள்வோர் பொறுப்புடையரா என்னும் வினா நம்மவர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 35ஆம் பாட்டில், வெள்ளைக்குடி நாகனார் என்னும் புலவர் சோழன் கிள்ளிவளவனிடம் நிலவரி நீக்கம் வேண்டிச் செல்கிறார். சென்றவர் தம் வறுமையை எடுத்துரைத்து இரக்கவில்லை. வானம் தவறியதற்கும் வயல் வாடியதற்குங்கூடக் குடிமக்கள் மன்னனையே நோவர் என்பதை அவனுக்கு நினைவூட்டுகிறார். பழைய வரிக்கடனிலிருந்து அவர் விடுதலை பெற்றார் என்று பாட்டின் கொளுக்குறிப்புக் கூறும். அரசன் மழையைப் பெய்விக்க வல்லவனல்லன் என்பதைப் புலவரும் அறிவார், அரசனும் அறிவான். ஆயினும் பழி அவனைச் சாரும் என்பதில் இருவர்க்கும் ஐயமில்லை. இக்காலச் சட்டம் இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்குகின்றது. பெருவெள்ளமும் புயலும் நிலநடுக்கமும் தெய்வச் செயல். தெய்வச் செயலுக்கு மனிதர் எவரும் பொறுப்பாளியல்லர் என்பது அதன் முதல் விதி. இவ்விரு நிலைகளுக்கும் இடையே நம் நாட்டுச் சட்டம் எவ்வளவு தூரம் நடந்துள்ளது என்பதை, கல்முனையையும் அதனை அடுத்த முஸ்லிம் ஊர்களையும் களமாகக் கொண்டு இங்கு ஆராய முற்படுவோம்.

களத்தை முதலில் அறிதல் வேண்டும். வடக்கே மருதமுனை தொடங்கிக் கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தெற்கே செல்லும் கரை, இலங்கையில் மக்கள் மிக நெருங்கி வாழும் பகுதிகளுள் ஒன்று. இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழூர்கள் உள்ளன. விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவிலே அமைந்தது. கிழக்கே கடல், மேற்கே கல்லோயா நீர் பாயும் வயல்வெளி. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்பட்டியொன்றில் மீனவரும் நெசவாளரும் உழவரும் வணிகரும் வேலியோடு வேலியாக வாழ்கின்றனர். கடல் பொங்கினால் பின்வாங்குவதற்கு வயலன்றி இடமில்லை; வயலில் வெள்ளம் ஏறினால் ஒதுங்குவதற்குக் கடற்கரையன்றி இடமில்லை. அலைக்குப் பின்னர்க் காணி தேடியோர் பட்ட பாட்டுக்கும் இவ்வமைப்பே காரணமாயிற்று.

இக்கரைக்குக் கேடு புதியதுமன்று. 1883ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் சுந்தா நீரிணையிற் கிரகத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை இலங்கையையும் எட்டியது. இன்றைய அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள பாணமையில் ஒரு பெண் அவ்வலையில் அகப்பட்டு உயிரிழந்தார். எரிமலையிலிருந்து அத்துணைத் தொலைவிற் கடல் கொண்ட உயிர் அது. இச்செய்தி சிறிதாகத் தோன்றலாம். ஆனால் வங்கக் கடலுக்கு அப்பாலிருந்து ஓர் அலை புறப்பட்டு வந்து இக்கரையில் மனிதரைக் கொல்லக்கூடும் என்பது 2004ஆம் ஆண்டுக்கு 121 ஆண்டுகளுக்கு முன்னரே ஏட்டிற் பதிவாகிய உண்மை. 'எவரும் எண்ணிப் பாராதது' என்று பின்னர்ப் பலகாற் சொல்லப்பட்ட கூற்றை எடைபோடும்போது, பாணமைப் பெண்ணின் சாவை ஒரு தட்டில் வைத்தல் தகும். 1957ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தாற் குளங்கள் பல உடைத்துக்கொண்டன. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி 900க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. தென்னந்தோட்டங்கள் சாய்ந்து கிடந்ததை இன்றும் முதியோர் சொல்லக் கேட்கலாம்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். குளமும் வெள்ளமும் பற்றிய பெருவழக்கொன்று தமிழகத்தை அடுத்த நிலத்திலேயே எழுந்தது. அக்காலத்துச் சென்னை மாகாணத்தின் கார்வேட்டிநகர் சமீன்தாருக்குரிய குளங்கள் பெருமழையால் உடைந்து, சென்னை இருப்புப்பாதைக் கம்பெனியின் பாதையைச் சிதைத்தன. கம்பெனி நட்டஈடு கோரியது. தன் நிலத்தில் ஆபத்தான பொருளைத் தேக்கி வைத்தவர், அது வெளிப்பட்டுத் தீங்கு விளைத்தாற் கவனயீனம் இல்லாவிடினும் பொறுப்பேற்க வேண்டும் என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1868இல் ஒரு தீர்ப்பளித்திருந்தது. அதனையே கம்பெனி சான்றாகக் காட்டியது. 1874இல் பிரிவி கவுன்சில் என்னும் கோமறைக் கழகம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. இந்நாட்டுக் குளங்கள் ஒருவர் தம் விருப்பத்துக்குத் தேக்கி வைத்த நீரல்ல. தொன்றுதொட்டு மக்களின் வாழ்வுக்காக உள்ளவை. அவற்றைப் பேணுதல் சமீன்தாரின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். ஆகவே அவர் கவனயீனமாக நடந்தார் என்று காட்டினாலன்றிப் பொறுப்பாளியாகார் என்பது முடிவு.

இத்தீர்ப்பைப் பலர் சமீன்தாருக்குக் கிடைத்த விடுதலையாகவே படிப்பர். நாம் அதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். வெள்ளம் தெய்வச் செயலாயினும் கரையைப் பேணுதல் மனிதச் செயல் என்று அது பிரித்துக் காட்டியது. குளத்தின் காவலர் மழைக்குப் பொறுப்பல்லர். தம் காவலுக்குப் பொறுப்பு. சமீன்தாரின் இடத்தில் அரசை வைத்துப் பார்த்தால், நாம் தேடும் விதியின் கரு அங்கே இருக்கக் காணலாம்.

ஆனால் இலங்கையில் அரசை அவ்விடத்தில் வைத்துப் பார்க்கவே நெடுங்காலம் இயலாதிருந்தது. நம் நாட்டில் வழங்கும் உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தின்படி, ஒருவர் தம் தவற்றாற் பிறர்க்கு நட்டம் விளைத்தால் அதனை ஈடுசெய்தல் கடன். இதுவே தீங்கியற் பொறுப்பு எனப்படும். குடியேற்ற ஆட்சிக் காலத்தில், ஒப்பந்தம் பற்றிய வழக்குகளிற் சட்டமா அதிபர் வாயிலாக முடியை நீதிமன்றுக்கு இழுக்க வழியிருந்தது. தீங்கியல் வழக்கு மட்டும் முடிக்கெதிராகச் செல்லாது என்பது நிலைபெற்றிருந்தது. மன்னர் தவறிழையார் என்ற ஆங்கிலக் கொள்கையின் நிழல் அது. இங்கிலாந்து தன் நாட்டில் 1947ஆம் ஆண்டிலேயே அக்கொள்கையைச் சட்டத்தால் நீக்கிக்கொண்டது. சுதந்திரம் பெற்ற இலங்கையோ அதனை மேலும் 22 ஆண்டுகள் வைத்துக் காத்தது. எனவே 1957ஆம் ஆண்டு வெள்ளத்தில் வீடும் வயலும் இழந்த ஒருவர், நீர்ப்பாசனக் கட்டொன்று அலுவலரின் கவனயீனத்தால் உடைந்தது என்று முழுச் சான்றோடு காட்டியிருப்பினும், முடிக்கெதிராக வழக்குத் தொடர்ந்திருக்க முடியாது. குறித்த அலுவலரைத் தனியாளாக வழக்கில் இழுக்கலாம். அவரிடம் என்ன இருக்கும்? மக்களுக்குக் கிடைத்தது நிவாரணம். அது கொடுப்போரின் கருணையிலிருந்து வருவது. கேட்போரின் உரிமையிலிருந்து வருவதன்று.

1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இப்பூட்டைத் திறந்தது. அரசின் பணியாளர் இழைக்கும் தீங்குக்கு, முழுத் தகைமையுடைய தனியாள் ஒருவர் எவ்வாறு பொறுப்பாவாரோ அவ்வாறே முடியும் பொறுப்பாகும் என்று அது விதித்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இன்னொரு வழியையும் அமைத்தது. அதன் 126ஆம் உறுப்புரையின்படி, ஆட்சித்துறைச் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டவர் நேரே உயர் நீதிமன்றத்தை நாடலாம். செயல் மட்டுமன்று, செய்ய வேண்டியதைச் செய்யாமையும் உரிமை மீறலாகலாம் என்பதை நீதிமன்றம் காலப்போக்கில் ஏற்றுக்கொண்டது. உயிர்வாழும் உரிமை நம் அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆயினும் 2003இல் உயர் நீதிமன்றம் 13ஆம் உறுப்புரையின் நான்காம் பிரிவிலிருந்து அதனை உய்த்துணர்ந்து கூறியது. ஆகவே 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பிறந்தபோது, கேட்பதற்கு இரண்டு கதவுகள் திறந்தே இருந்தன.

அந்த மாதத்தின் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பூரணை விடுமுறையுமாகும். இலங்கை நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன்னர்ச் சுமத்திராவின் மேற்கே கடலடியில் நிலம் பிளந்தது. பல்லேகலையிலுள்ள நிலநடுக்கக் கருவி அதிர்வைப் பதிவு செய்தது. அப்பதிவைக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கையாக மாற்றும் ஏற்பாடு மட்டும் எந்தத் திணைக்களத்திடமும் இருக்கவில்லை. அவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையம் கால்மணி நேரத்துள் அறிக்கை விடுத்தது. அதன் கடமை பசிபிக் நாடுகளைப் பற்றியது. இந்து சமுத்திரத்துக்கென ஒரு நிலையம் அன்று இல்லை. சுமார் இரண்டு மணி நேரத்துள் அலை கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கை முழுவதிலும் இறந்தோரும் காணாமற் போனோரும் 35,000 அளவினர். அவர்களுள் 10,000க்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தினர். நாட்டில் வேறெந்த மாவட்டமும் அத்துணை உயிரை இழக்கவில்லை.

பொறுப்புப் பற்றிய ஆராய்ச்சியில் நாம் நின்று நோக்க வேண்டிய ஓர் இடம் இங்குண்டு. கல்முனை அழிந்து சுமார் ஒரு மணி நேரத்தின் பின்னர், காலை 9.30 மணியளவிலே, தென்மேற்குக் கரையில் பெரலியாவில் கடுகதிப் புகையிரதம் அலையில் அகப்பட்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். சுமத்திராவின் அதிர்வைப் படித்தறியக் கருவியும் அறிவும் வேண்டும். கிழக்குக் கரையில் ஊர்கள் கடலுட் போயின என்பதை அறியத் தொலைபேசி ஒன்றே போதும். முதலாவது அறியாமைக்கு அரசு மன்னிப்புக் கோரலாம். இரண்டாவதற்கு அவ்வளவு எளிதில் விடை கூறவியலாது. கல்முனைக்கு உதவாத எச்சரிக்கை, கல்முனையின் அழிவிலிருந்தே பிறந்து காலிக்கு உதவியிருக்கலாம்.

ஆயினும் திறந்திருந்த கதவுகளால் கரையோர மக்கள் உட்செல்லவில்லை. காரணங்களைக் காண்பது அரிதன்று. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துள் இடவேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. பத்தாயிரம் பேரைப் புதைத்த மாவட்டம், ஜனவரி முடியுமுன் மனு எழுதி முடித்திருக்க வேண்டும் எனச் சட்டம் எதிர்பார்த்தது. தீங்கியல் வழக்குக்கு 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தரும் காலம் இரண்டு ஆண்டு. ஆனால் அங்கே, எச்சரிக்கும் கடமை குறித்த ஓர் அலுவலருக்கு இருந்தது என்று காட்டவேண்டும். கடமையே எவர்க்கும் விதிக்கப்படாதபோது கவனயீனத்தை எவர்மேற் சுமத்துவது? அனர்த்தங்களைக் கவனிக்க ஒரு நிலையம் 1990களிலேயே தோன்றியிருந்தும் அதற்குச் சட்ட வலு இருக்கவில்லை. சட்டம் இயற்றாமையே அரசுக்குக் கேடயமாயிற்று என்பது இவ்வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

இஸ்லாமிய ஊர்களின் சமய நம்பிக்கையே மக்களை வழக்கிடாது தடுத்தது என்று சிலர் கருதுவர். நமக்கு அது உடன்பாடன்று. நீரில் மூழ்கி இறந்தோர் ஷஹீத்களின் நிலையை அடைவர் என்பது அவ்வூர்களில் துயருற்றோர்க்குப் பேராறுதல் தந்த மரபு. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்ற நபிமொழியையும் அங்குள்ள பள்ளிச் சிறுவர் அறிவர். இறந்தோரைப் பற்றிய ஆறுதல் வேறு, இருப்போர்க்குரிய கடன் வேறு என்ற பகுப்பு அம்மரபிலேயே உண்டு.

அரசு வழங்கியவற்றையும் கூறவேண்டும். இறந்தோரின் அடக்கச் செலவுக்கு 15,000 ரூபாவும், முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாவும், பகுதி சேதமுற்றதற்கு 100,000 ரூபாவும் விதிக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், காணாமற் போனோர்க்கு ஏழாண்டு காத்திராது மரணச் சான்றிதழ் பெறவும், தாய்தந்தையரை இழந்த பிள்ளைகளைப் பாதுகாக்கவும் வழிசெய்தது, நல்ல சட்டம். இவற்றுள் எதுவும் தவற்றை ஏற்றுக் கொடுத்த ஈடன்று. 1957இல் இருந்த கருணை வழியே தொகை பெருகி மீண்டும் வந்தது. அதனோடு ஒரு தடையும் வந்தது. வடக்குக் கிழக்கிற் கடலிலிருந்து 200 மீற்றருக்குள்ளும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என்றனர். கல்முனைக் கரையில் 200 மீற்றர் என்பது ஊரின் ஒரு பகுதியன்று. பலவிடங்களில் ஊரே அதுதான். ஒரே கடல் ஒரே நாளில் எழுப்பிய அலைக்குக் கிழக்கில் ஓரளவும் தெற்கில் வேறோர் அளவும் ஏன் என்ற கேள்விக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. பின்னர் அளவுகள் தளர்த்தப்பட்டன. மருதமுனையில் '65 மீற்றர்' என்று அளவையே பெயராகக் கொண்ட வீட்டுத் திட்டமொன்று இன்றும் உண்டு.

நீதிமன்றம் வரை சென்று பெயர்பெற்ற சுனாமி வழக்குகள் அலைக்குப் பின்னர் எழுந்தவற்றைப் பற்றியன. அவற்றை நாடியோர் கரையோர மக்களுமல்லர். 2005ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் அரசும் விடுதலைப் புலிகளும் பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். ஆறு மாவட்டங்களில் கடலிலிருந்து இரண்டு கிலோமீற்றர் வரையுள்ள நிலத்துக்கு உதவியைப் பகிர்வது அதன் நோக்கம். பிரதேசக் குழுவின் பத்து இடங்களில் முஸ்லிம்களுக்கு மூன்று ஒதுக்கப்பட்டன. ஆனால் உடன்படிக்கையில் அவர்கள் ஒரு தரப்பாக இல்லை. அதிக உயிரிழந்த மாவட்டத்தின் பெருஞ்சமூகம், தன் இழப்பைப் பற்றிய ஏட்டிற் கையெழுத்திட அழைக்கப்படவில்லை. ஜூலை 15ஆம் நாள் உயர் நீதிமன்றம், தென்னிலங்கை அரசியலாளரின் மனுமீது, அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கட்டமைப்பு அதன்பின் இயங்கவில்லை.

மற்றொன்று நுரைச்சோலை வழக்கு. அக்கரைப்பற்றுப் பகுதியில் வீடிழந்த முஸ்லிம்களுக்காகச் சவூதி அரேபியாவின் கொடையால் 500 வீடுகள் எழுந்தன. நிலம் தீகவாபியின் தொன்மைச் சூழலைச் சார்ந்தது என்றும், ஒரு சமூகத்தாருக்கு மட்டும் வீடு வழங்குவது சமத்துவத்துக்கு முரண் என்றும் 2008இல் மனு எழுந்தது. வீடுகள் எல்லாச் சமூகத்தாருக்கும் மக்கட்டொகை விகிதப்படி பகிரப்பட வேண்டும் என்ற வகையில் 2009இல் முடிவாயிற்று. சமத்துவம் உயர்ந்த கோட்பாடு என்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் இழப்பு விகிதப்படி வந்ததன்று. இழப்பை ஈடுசெய்வதும் விகிதப்படி ஆகுமோ? ஈட்டைக் கொடையாகக் கருதினாற் பங்கிடலாம். கடனாகக் கருதினால், கடன்பட்டவர் யாரிடம் பட்டாரோ அவர்க்கே செலுத்தவேண்டும். கட்டி முடிந்த வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிப் பாழ்பட்டுக் கிடந்தன.

இனி, அலைக்குப் பின்னர் சட்டத்தில் நேர்ந்த மாற்றத்துக்கு வருவோம். 2005ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு தெரிகுழுவை அமைத்து, முன்னாயத்தம் குறைவாக இருந்ததா என்று ஆராயும் பணியை அதற்கு அளித்தது. கரையோரத்தார் நீதிமன்றில் எழுப்பாத வினாவைச் சட்டமன்றமே எழுப்பிக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. சனாதிபதியைத் தலைவராகக் கொண்ட தேசியப் பேரவையும், அதன் கீழ் ஒரு நிலையமும் தோன்றின. ஒவ்வோர் அமைச்சும் திணைக்களமும் அரச கூட்டுத்தாபனமும் தனக்கென அனர்த்தத் திட்டம் வகுக்க வேண்டும் என்பது விதியாயிற்று. சட்ட வரலாற்று நோக்கில் இதன் பொருள் பெரிது. 2004இல் இல்லாதிருந்த கடமையை அரசு தன் கையாலேயே எழுதி வைத்துக்கொண்டது. எழுதிய கடமையைச் செய்யாமை கவனயீனம் ஆகலாம். 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதுவே வேண்டுவது.

எச்சரிக்கை வந்தும் செயற்படாமைக்கு விலையுண்டு என்பதை 2023ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் உயர் நீதிமன்றம் காட்டியது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதல் வழக்கில், முன்னைநாட் சனாதிபதி ஒருவரும் உயர் அலுவலர் நால்வரும் தம் சொந்தப் பணத்திலிருந்து மொத்தம் 31 கோடி ரூபா செலுத்துமாறு பணிக்கப்பட்டனர். அது மனிதர் செய்த கொடுமை, இயற்கையின் கேடன்று. ஆயின் பொறுப்பின் அடிப்படை தாக்குதலன்று, அறிந்தும் வாளாவிருந்தமை. வானிலை அறிக்கைக்கும் அவ்வடிப்படை பொருந்தாதிருக்கக் காரணம் காணோம்.

யப்பானியர் இவ்வழியில் மேலும் சென்றுள்ளனர். 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் எழுந்த கடற்கோளில், இசினோமாக்கி நகரின் ஒக்காவா ஆரம்பப் பாடசாலை மாணவர் 74 பேரும் ஆசிரியர் பதின்மரும் மாண்டனர். பாடசாலை கடலிலிருந்து சுமார் நான்கு கிலோமீற்றர் உள்ளே ஆற்றங்கரையில் இருந்தது. நகரத்தின் ஆபத்து வரைபடத்தில் அலை எட்டாத இடமாகவே அது குறிக்கப்பட்டிருந்தது. நிலநடுக்கத்தின் பின்னர்ச் சுமார் ஐம்பது நிமிடம் பிள்ளைகள் முற்றத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டனர். பெற்றோர் வழக்கிட்டனர். செண்டாய் மேல் நீதிமன்றம் 2018இல் அளித்த தீர்ப்பு, முற்றத்தில் நின்ற ஆசிரியரின் தடுமாற்றத்தில் நின்றுவிடவில்லை. அலை வருமுன்னரே சரியான திட்டம் வகுத்திருக்க வேண்டியவர் அதிபரும் நகரக் கல்விச் சபையும் என்றது. வரைபடத்தை நம்பினோம் என்ற விடையையும் ஏற்கவில்லை. 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டைத் தள்ளியதோடு அது உறுதியாயிற்று.

இத்தீர்ப்பைப் படிக்கும்போது காரைதீவுக்கு அருகேயுள்ள மாவடிப்பள்ளி வீதி நினைவுக்கு வருதல் தவிர்க்கவியலாதது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், வெள்ளத்தின் காரணமாக மதரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவரை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் அவ்வீதியில் வெள்ளத்தால் இழுத்துச் செல்லப்பட்டது. மாணவர் பலர் உயிரிழந்தனர். பின்னர் மதரஸாவைச் சேர்ந்த சிலர் கைதாகினர். அவர்களின் பொறுப்பை நீதிமன்றமே தீர்மானிக்கும். அதுபற்றி இங்கு எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால் செண்டாய் நீதிபதிகள் இவ்வழக்கை விசாரித்திருந்தால், உழவு இயந்திரம் புறப்பட்ட நேரத்திலிருந்து தொடங்கியிருக்கமாட்டார்கள். வயல்வெளியை ஊடறுத்துச் செல்லும் அவ்வீதியில் நீர் எவ்வளவு உயர்ந்தாற் போக்குவரத்தை நிறுத்தவேண்டும், நிறுத்தும் அதிகாரம் எவருடையது, அன்று அவர் எங்கே இருந்தார், 13ஆம் இலக்கச் சட்டம் எழுதப் பணித்த திட்டத்தில் அவ்வீதி இடம்பெற்றதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஏட்டை வருவித்துப் பார்த்திருப்பார்கள்.